ஆட்சேபனை அண்ணையும் கடற்கரைக் கிளப்பும்

எங்கள் தீவில் இதுவரை பிறந்த மனிதர்களுள், ஒரு விஷயத்தையும் முதல் தடவையில் ஒத்துக்கொள்ளாதவர் ஆட்சேபனை அண்ணை ஒருவர்தான். சேவல் கூவினால்கூட, கிழக்குப் பக்கம் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் பாயைச் சுருட்டுவார். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயரொன்று இருந்தது. அது அடையாள அட்டையிலும் வாக்காளர் இடாப்பிலும் மட்டும் உயிரோடிருந்தது. கூட்டங்களில் தலைவர், “ஆருக்கும் ஆட்சேபனை இருக்கோ?” என்று வழக்கத்துக்குக் கேட்பார் அல்லவா? எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பதில் வரும். அதனால் வந்த பெயர்.

புங்குடுதீவுக்காரர் பலரைப் போல அவரும் இளவயதில் தெற்கே ஒரு நகரத்தில் கடை வைத்திருந்தவர். சவர்க்காரம் வாங்க வருகிறவரிடம், “உங்கட தோலுக்கு உது சரிவராது, அடுத்த கடையில பாருங்கோ” என்று சொல்லி அனுப்புவாராம். கடையைக் கலவரத்தில் எரித்தார்கள். எரித்திராவிட்டாலும் அது நெடுநாள் நின்றிருக்காது என்று அவர் மனைவி சரசக்காவே சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை செத்தவீடொன்றில் அஞ்சலி உரை நடந்தது. பேசியவர், “அன்னார் ஒருவரையும் கோபித்து ஒரு சொல் சொல்லியறியாதவர்” என்றார். பின்வரிசைக் கதிரையிலிருந்து ஆட்சேபனை அண்ணை எழும்பினார்.

“மன்னிக்கவேணும். போன மாரிக்கு இந்த மனிசன் என்ர வேலிக் கதியாலைப் பிடுங்கிப்போட்டு, என்னைப் பேசாத பேச்சில்லை. பொய்யைச் சொல்லி ஆளை அனுப்பாதையுங்கோ.”

மகன்மார் முறைத்தார்கள். உள்ளே இறந்தவரின் மனைவி அழுகையை நிறுத்தினார். “அண்ணை சொல்லுறது சரி. பொல்லாத வாய்தான்” என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்.

இவர் வாயை அடைக்க ஒரே வழி பதவிதான் என்று நினைத்து, கோயில் பொதுக்கூட்டத்தில் பொருளாளராக இவரையே முன்மொழிந்தார்கள். எழும்பினார்.

“எனக்கு ஆட்சேபனை இருக்கு.”

“ஆரில அண்ணை?”

“என்னிலதான். சொந்தக் கடையை நடத்தத் தெரியாதவனிட்டைக் கோயில் காசைக் குடுப்பியளோ?”

இப்படி ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தவரின் கதையில் சிரிப்புக் குறைந்தது, முதலாளி வந்த பிறகுதான்.

முதலாளி எங்கள் தீவுக்காரர்தான். கொழும்பில் என்ன தொழில் செய்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கடற்கரைப் பக்கம், கனடாவிலிருக்கும் குடும்பமொன்றின் பூட்டிக்கிடந்த வீட்டை எடுத்து வெள்ளையடித்து, “விருந்தினர் விடுதி” என்று பலகை போட்டார். ஊர் அதைக் கிளப் என்றது. விருந்தினர் சனிக்கிழமைகளில் கண்ணாடி கறுத்த வான்களில் வந்தார்கள். சாட்டிக் கடலில் குளிக்கப் போகிறவர்கள்போலத் துவாயும் கொண்டுவந்தார்கள். துவாய் நனைந்ததை ஒருவரும் காணவில்லை. உள்ளே காசு வைத்துக் கடதாசிச் சீட்டு ஆடுகிற மேசைகள். இன்னொரு அறையில் தொலைபேசிகளை வைத்துக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் பந்தயம். பொலிஸ்காரரும் வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு.

முதலாளி கைநீட்டிக் கொடுத்தார். கோயில் வீதிக்கு விளக்கு, விளையாட்டுக் கழகத்துக்குச் சீருடை, சனசமூக நிலையத்துக்குப் பிரேதம் வைக்கிற குளிர்ப்பெட்டி. அவரிடம் ஒருநாளும் வேலை செய்யாதவர்களும் “முதலாளி” என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

“ஆற்றை முதலாளி?” என்றார் ஆட்சேபனை அண்ணை, குளிர்ப்பெட்டி கையளிப்பு விழாவில். “எங்களுக்குச் சம்பளம் தாறவரோ?”

எல்லோரும் சிரித்தோம். முதலாளி எங்களைவிட உரக்கச் சிரித்தார்.

சரசக்காவுக்கு ஒரு தம்பி. பெயர் குலம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் ஆள் ஏற்றுகிறவர். இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். திருவிழாக் காலத்தில் நாலு சனிக்கிழமை கிளப்புக்குப் போனார். ஐந்தாம் சனிக்கிழமை படகு கிளப்பினுடையது. ஆனாலும் அதைக் குலமே ஓட்டலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். ஒரேயொரு நிபந்தனை. சில நாட்களில் பொழுதுபட்ட பிறகு ஆழக்கடலுக்குப் போய், அங்கே நிற்கும் இன்னொரு படகிலிருந்து பொதிகளை ஏற்றிவர வேண்டும். பொதியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

சரசக்கா குசினிக்குள் இருந்து அழுதார். ஆட்சேபனை அண்ணை மேற்சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில் நேரே கிளப்புக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே எனக்குப் பிறகு சொன்னார்.

முதலாளி எழும்பி நின்று வரவேற்றாராம். கதிரை கொடுத்து, சோடா உடைக்கச் சொன்னாராம்.

“சொல்லுங்கோ அண்ணை. இண்டைக்கு என்ன ஆட்சேபனை?”

“குலத்தின்ர படகைத் திருப்பிக் குடுங்கோ. அவனை உந்தப் பொதி வேலையில இருந்து விடுங்கோ.”

“ஆரும் அவரைப் பிடிச்சு வைச்சிருக்கினமே? அவர் தானா வந்தவர், தானா விளையாடினவர்.”

“பெட்டைப் பிள்ளையள் இருக்குதுகள் தம்பி.”

முதலாளி அங்கிருந்த பெடியளைப் பார்த்துச் சொன்னாராம்: “இந்த அண்ணை கிழமைக்கு ஒருக்கா வரவேணும். வந்தால் சோடா குடுங்கோ. இங்கை ஒருத்தருக்கும் பகிடி தெரியாது.”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு மாதிரி வியப்புத்தான் இருந்தது. “என்னைப் பகிடிக்காரன் எண்டு நினைச்சிட்டான், பிள்ளை,” என்றார். “நான் என்ர சீவியத்தில ஒருநாளும் பகிடி விட்டதில்லை.”

அதன்பின் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. முதலாளிக்குக் கடற்கரையோரப் பொதுக்காணி வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆட்கள் வந்து விளையாடுகிற பெரிய சூதாட்ட விடுதி ஒன்று கட்டப்போகிறார், ஊருக்கு வேலை கிடைக்கும் என்று கதை அடிபட்டது. காணியைக் குத்தகைக்கு விடச் சபை கை உயர்த்த வேண்டும். முதலாளி தானே தேர்தலில் நிற்குமளவுக்கு முட்டாள் இல்லை. எனக்குப் படிப்பித்த, ஊரில் ஒரு குற்றமும் சொல்லமுடியாத, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரை நிறுத்தினார். சுவரொட்டி முதல் வாகனம் வரை எல்லாம் கிளப்பின் செலவு.

அதிபருக்கு ஊரின் ஆதரவு என்று தீர்மானம் எடுக்கச் சனசமூக நிலையத்தில் கூட்டம் கூடியது. முதலாளி கடைசி வரிசையில் அடக்கமாக இருந்தார். வாசலில் அவருடைய பெடியள் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்து நின்றார்கள். தலைவர் தீர்மானத்தை வாசித்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். கூட்டம் முழுவதும் புன்சிரிப்போடு ஒரே பக்கம் திரும்பியது.

ஆட்சேபனை அண்ணை எழும்ப நேரம் எடுத்தது.

“எனக்கு ஆட்சேபனை இருக்கு,” என்றார். சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை நின்றார். “நான் பாயாசத்துக்கும் ஆட்சேபனை சொன்னனான், பந்தலுக்கும் சொன்னனான். அதால இண்டைக்கு நான் சொல்லுறதும் உங்களுக்கு அப்பிடித்தான் கேக்கும். எனக்கு விளங்குது. ஆனால் இதைக் கேளுங்கோ. அதிபர் நல்லவர். அவரை நிப்பாட்டுறது ஆர்? என்ர மச்சான்ர படகு இப்ப ஆற்றை? அது பொழுதுபட்டால் எங்கை போகுது? உங்களிலையும் ஆற்றை நகை, ஆற்றை காணி அந்த வீட்டுக்கை போய்க் கிடக்குது எண்டு உங்களுக்குத் தெரியும். இண்டைக்கு ஓம் எண்டால், நாளைக்குச் சபையும் அந்த வீட்டுக்கைதான் இருக்கும்.”

சிரிப்பு நின்றிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் தன் வெறுங்கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடினார். அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். ஒரு கணம், ஒரேயொரு கணம், இன்னொருவரும் எழும்பக்கூடும் என்று எனக்குத் தோன்றியது.

பின்னாலிருந்து முதலாளி கை தட்டினார்.

“அண்ணை இண்டைக்கு நல்லாச் செய்தார்,” என்று சொல்லிச் சிரித்தார்.

கூட்டம் மூச்சுவிட்டது. தப்பித்த ஆறுதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டிக் கதிரையில் இருத்தினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று தலைவர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, காலை வேளையில், மோட்டார் சைக்கிள்கள் அவர் வாசலில் வந்து நின்றன. முகத்தைத் துணியால் கட்டியிருந்த பெடியள் படலையை வாளால் வெட்டினார்கள். பொல்லுகளால் அடித்து அவரின் வலக்கையை முறித்தார்கள். அயல் வீடுகளில் யன்னல்கள் சாத்தப்பட்டன. சரசக்காவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

ஆசுபத்திரிக் கட்டிலில் வைத்துப் பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுக்க வந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“ஐயா, நீங்கள் ஏணியால விழுந்தது எண்டு சொல்லுகினம்.”

“எங்கட வீட்டில ஏணி இல்லை.”

“அயலுக்கை ஒரு ஏணி இருந்திருக்கும்தானே?”

“தம்பி, நான் ஏணி இரவல் வாங்கிறதெண்டால், முதல்ல அயலோட கதைபேச்சு இருக்கவேணும். எனக்கு ஒருத்தரோடையும் அது இல்லை.”

சிரிக்கக்கூடாத இடத்தில் நான் சிரித்தேன். பொலிஸ்காரரும் சிரித்தார். பிறகு ஏணி என்றுதான் எழுதிக்கொண்டு போனார்.

அதிபர் வென்றார். சபையின் முதற்கூட்டங்களிலேயே கடற்கரைக் காணி குத்தகைக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு பின்னேரம், பழப்பையோடு அதிபர் அவரைப் பார்க்க வந்தார். சரசக்காவுக்குத் துணையாக நானும் அங்கே இருந்தேன்.

“நான் நிண்டிராட்டால் அவங்கட ஆளொருத்தன் நேர வந்திருப்பான்,” என்றார் அதிபர். “நான் உள்ளுக்கை இருந்தால் கொஞ்சத்தையாவது தடுக்கலாம் எண்டுதான் நிண்டனான். நீர் என்னைப் பிழையா விளங்கக்கூடாது.”

“இதுவரைக்கும் எதைத் தடுத்தனீர், மாஸ்டர்?”

குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். அதிபர் தேத்தண்ணியைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மாரி தொடங்கமுன் கடற்படை குலத்தைப் பொதிகளோடு பிடித்தது. கிளப்பில் குலம் என்றொரு மனிதரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமற்போனார்கள். முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. குலம் யாழ்ப்பாணச் சிறையில் விளக்கமறியலில் இருக்கிறார். வழக்கு தவணை மேல் தவணை போகிறது. அவருடைய பெண்பிள்ளைகள் இப்போது சரசக்கா வீட்டில்.

எங்கள் ஊர்க் கூட்டங்கள் இப்போது நேரத்துக்கே முடிந்துவிடுகின்றன. ஆட்சேபனை அண்ணை அவற்றுக்கு வருவதில்லை. தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார். கேட்டபோதெல்லாம் நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை மறியலில் குலத்தைப் பார்க்கிற நாள். சரசக்கா கட்டிக் கொடுக்கிற சோற்றுப் பார்சலை இடக்கையில் பிடித்துக்கொண்டு, சரியாகப் பொருந்தாத வலக்கையை நெஞ்சோடு அணைத்தபடி, முதற் பஸ்ஸுக்கு வருவார். நானும் பட்டினத்துக்கு வேலைக்குப் போவது அதே பஸ்ஸில். அதில் எப்போதும் நெரிசல். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்சலையும் காப்பாற்ற அவரால் ஏலாது.

ஆகவே புதன்கிழமைகளில் நான் இரண்டு தரிப்பு முன்னாலேயே நடந்துபோய் ஏறி, யன்னலோரத்து இருக்கையில் என் பையை வைத்துவிடுகிறேன். ஆராவது இருக்க வந்தால், “ஆள் வருகுது” என்று சொல்கிறேன்.