அரைக் கண்ணாடி ஜிம் உருவான கதை

ஒரு காட்டுல ஜிம்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடி, புலி துரத்தும், மான் ஓடும். அதுதான் எக்சர்சைஸ். ஃபாரமும் கிடையாது, லீவும் கிடையாது.

அங்க தங்கப்பழம்னு ஒரு புள்ளிமான். ஓடி ஓடி அதுக்கு வெறுத்துப் போச்சு. நாமளும் நெஞ்சை நிமித்தி நின்னா எவன் கிட்ட வருவான்னு ஒருநாள் தோணுச்சு. தோணுன அன்னைக்கே ஆலமரத்தடியில ஜிம்மைத் திறந்துருச்சு. மூங்கிலோட ரெண்டு முனையிலயும் கல்லைக் கட்டுனா வெயிட்டு. விழுதுல தொங்குனா புல்-அப்ஸ். இடிஞ்ச பங்களாவுல இருந்து ஒரு பீரோக் கண்ணாடியை இழுத்துட்டு வந்துச்சு, வழியிலயே பாதி உடைஞ்சுருச்சு. மிச்சத்தை மரத்துல மாட்டி, முன்னாடி ரெண்டு கால்ல எந்திரிச்சு நின்னா இடுப்புக்கு மேலதான் தெரியும். அது போதும்னு விட்டாச்சு.

கண்ணாடியில தெரிஞ்சதெல்லாம் வளந்துச்சு. கழுத்து, தோள், நெஞ்சு, கை. ரெண்டு வருசத்துல தங்கப்பழம் மாஸ்டர் ஆயாச்சு. இனிமே அதுன்னு சொன்னா மரியாதையா இருக்காது, அவருன்னே வச்சுக்குவோம். கரடி, காட்டுப்பன்னி எல்லாம் மெம்பர். அத்தனை பேரும் அக்குள்ல பலாப்பழம் வச்ச மாதிரிதான் நடந்தாங்க.

சேராம நின்னது செல்லக்கிளிங்கிற முயல் மட்டும்தான். "அண்ணாச்சி, மேல ஆலமரம், கீழ அகத்திக் குச்சி. காத்தடிச்சா சாஞ்சிர மாட்டீக?"

"காலை யாரும்மா பாக்கப் போறா? கண்ணாடியிலயே தெரியல."

அப்பதான் துரைச்சாமி வந்துச்சு. புலி. கியூவுல நின்னு டோக்கன் வாங்கி, ஒழுங்கா ஃபாரம் நிரப்புச்சு. சேரும் நோக்கம்: நெஞ்சு. உணவுப் பழக்கம்னு கேட்ட இடத்துல மட்டும் 'மாஸ்டர்'னு எழுதியிருந்துச்சு.

மாஸ்டர் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் பாத்தாரு. ஆனா போர்டுல 'அனைவரும் வருக'ன்னு பெயிண்ட்ல எழுதியாச்சே. கோர்ஸ் முடியுற வரைக்கும் மாஸ்டர் மேல நகம் படக்கூடாது, அதுதான் ஜிம் வழக்கம்னு ஒரு போடு போட்டாரு. ஆறு மாசந்தானேன்னு புலியும் ஒத்துக்கிச்சு. கால்ல விழுந்து கும்பிடுறப்ப மாஸ்டரோட தொடையைத் தொட்டுப் பாத்து, இளைச்சிருக்கேன்னு வருத்தப்பட்டுச்சு.

ஆறு மாசமும் மாஸ்டருக்குச் சோறு இறங்கல. தப்பா சொல்லிக் கொடுத்து ஏமாத்தலாம்தான், தொழில் சுத்தம் விடல. "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு"ன்னு துரைச்சாமிக்கு எண்ணுறப்பல்லாம் தன் ஆயுசையே எண்ணுற மாதிரி இருந்துச்சு.

கடைசி நாளு சர்டிபிகேட் கொடுத்தாரு. புலி அதைக் கசங்காம மரத்துல சாய்ச்சு வச்சுட்டு, "மன்னிச்சுருங்க மாஸ்டர்"னு பாஞ்சுச்சு.

நெஞ்சுதான் பாஞ்சுச்சு, பின்னங்கால் கூட வரல. தொபுக்கடீர்னு விழுந்துச்சு. மாஸ்டர் ஓடப் பாத்தாரு. மூணாவது அடியில அவரு காலும் மடங்கி மூக்கு மண்ணுல. நடுவுல ஒரு முழந்தான் தூரம். ரெண்டு பேராலயும் நகர முடியல.

மூச்சு வாங்கிக்கிட்டே புலி கேட்டுச்சு, "எங்க மாஸ்டர் தப்பு நடந்துச்சு?"

அவரும் மனசாரத்தான் சொன்னாரு. "நெஞ்சு இன்னும் ஏறணும் தம்பி. இன்னொரு ஆறு மாசம் போடு."

புலி திரும்பவும் ஃபாரம் வாங்குச்சு. இப்படியே வருசக்கணக்கா ஓடுச்சு. டயட்னு மாஸ்டர் சொன்னதால வாழைப்பழமும் அவிச்ச முட்டையுமே அதுக்குப் பழகிப்போச்சு.

ஜிம்மோட பத்தாம் ஆண்டு விழாவுக்குச் செல்லக்கிளி ஒரு ஆளுயரக் கண்ணாடி கொண்டுவந்து நிறுத்துச்சு. மாஸ்டர் முன்னாடி போயி நின்னு, முதல் தடவையா முழுசாப் பாத்தாரு. மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. கீழயே ரொம்ப நேரம் பாத்தாரு. அப்ப தூரத்துல துரைச்சாமி தள்ளாடித் தள்ளாடி பிராக்டிஸுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு.

மாஸ்டர் விழா பேனரை அவுத்து, கண்ணாடியோட கீழ்ப் பாதியை இறுக்கிக் கட்டுனாரு.

"என்ன அண்ணாச்சி, அழகா இருக்கதை மறைக்கீக?"ன்னு முயல் கேட்டுச்சு.

"சத்தம் போடாத தாயி."

நீதி: உன்னைத் திங்க வர்றவனுக்கு நீ கத்துக்கிட்ட வித்தை அத்தனையும் சொல்லிக் கொடு. முழுக் கண்ணாடி மட்டும் காட்டாத.