பி.காம்., தலைவர்

வெற்றி உரையை எழுதி முடித்துவிட்டு, அப்புறம் வேட்புமனு எழுதிய ஆள் நான். ரப்பர் ஸ்டாம்ப்பையும் ஒரு வாரம் முன்பே செய்து வைத்துவிட்டேன். மொத்தம் மூன்று வரி. முதல் வரியில் ‘செ. கௌரி’, இரண்டாவதில் ‘பி.காம்.,’, மூன்றாவதில் ‘தலைவர்’. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளே நான்தான். அந்த நடு வரி இல்லாமல் எனக்கு ஸ்டாம்ப் எதற்கு?

முத்தாபுதுப்பேட்டையில் நானும் அம்மாவும் உட்படப் பதினைந்து பெண்கள் சேர்ந்து ஒரு சமையல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்திருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு மதியச் சாப்பாடு அனுப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. விதிகளைப் படித்துச் சொன்னது நான்தான். (சங்கத்தில் எதையும் படித்துச் சொல்வது நான்தான். யாரும் கேட்டதாக நினைவில்லை.)

சிக்கல், தலைவர் பதவிக்கு நின்ற இந்திராணியம்மா. பழைய நிலக்காரர் குடும்பம். என் அம்மா அவர்கள் வயலில் நாற்று நட்டவள். வயல் எல்லாம் பிளாட்டாகிப் பல வருஷம் ஆகியும், அவரைப் பார்த்தால் அம்மா தானாக எழுந்து நிற்பாள். நாங்கள் சமைப்பது அவருடைய பழைய மாட்டுக்கொட்டகையில். டீ குடிக்க அவர் மட்டும் தனி டம்ளர் கொண்டுவருவார். அண்டா தேய்ப்பது மட்டும் எப்போதும் எங்கள் தெருப் பெண்கள். அவர் தலைவரானால் சங்கமும் வயலாகிவிடும். எனவே நான் தலைவராக வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

நேருக்கு நேர் நின்றால் கொட்டகைக்குப் பயந்து அவருக்கே ஓட்டு விழும் என்று கணக்குப் போட்டேன். அதனால் மூன்றாவதாக பூங்காவனம் அக்காவைப் பிடித்தேன். சங்கத்தில் வெங்காயம் நறுக்குபவர். காலையில் இந்திராணியம்மா வீட்டிலும் வேலை செய்கிறார். அந்தப் பக்கத்து ஓட்டைப் பிரிப்பார்.

“எனக்கு இன்னாத்துக்குமா எலெக்சன்? கையெழுத்தே கோணலா வரும்.”

“சும்மா பேருக்கு நில்லுக்கா. ஜெயிக்கவா போறே?”

“அப்போ சரி.”

தேர்தல் அதிகாரியும் நானே. (விதி தெரிந்தவர் வேறு யார்?) படிக்கத் தெரியாதவர்களுக்காக ஓட்டுச்சீட்டில் படம் வரைந்தேன். இந்திராணியம்மாவுக்கு மாடு, அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. பூங்காவனம் அக்காவுக்கு அரிவாள்மணை. எனக்குப் பேனா. ஓட்டுப்பெட்டி ஒரு முறுக்கு டின். மூலையில் புடவை கட்டி மறைப்பு.

மறைப்புக்குள் போனதும் எனக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. பாவம், நானாக இழுத்துவந்து நிறுத்திய மனுஷி. ஒரு ஓட்டுகூட விழாமல் அத்தனை பேர் முன்னால் கூனிக்குறுக வேண்டுமா? ஜெயிக்கப் போகிறவளுக்கு ஒரு ஓட்டுக் குறைந்தால் என்ன? அரிவாள்மணைக்கு ஒரு டிக் போட்டுவிட்டு, ஏதோ அன்னதானம் செய்தவள் போல வெளியே வந்தேன்.

எண்ணியதும் நான்தான். மாடு நான்கு. பேனா ஐந்து. அரிவாள்மணை ஆறு.

மறுபடியும் எண்ணினேன். ஆறு ஆறாகவே இருந்தது.

ரகசிய வாக்கெடுப்பின் ரகசியம் எங்கள் கொட்டகையில் ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. முதலில் வாயைத் திறந்தது ஜெயித்தவர். “நான் பேனாவுக்குத்தான் போட்டேன். படிச்ச பொண்ணாச்சே. எந்தப் பாவி எனக்குப் போட்டது?”

இந்திராணியம்மா தொண்டையைச் செருமினார். “ஒண்ணு நான் போட்டேன். நம்ம வீட்டுக்கு வர்ற ஆளு, ஒரு ஓட்டுகூட விழலன்னா பாவமாச்சேன்னு.”

என் பெருந்தன்மையும் அவர் பெருந்தன்மையும் ஒரே முறுக்கு டின்னில் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கின்றன. நான் சீட்டுகளை மறுபடி அடுக்கினேன். அம்மா என் மூஞ்சியைப் பார்த்தாள்.

“நீயுமாடி?”

“நீ யாருக்கும்மா போட்டே?”

“அருவாமணைக்கு.”

“பாவம்னு போட்டியா?”

“பாவமாவது ஒண்ணாவது. அவ எதுக்கும் ‘இன்னா சொல்றீங்க’ன்னு கேப்பா. நீ சொல்லிக்கினே இருப்பே. சொல்றவங்கள நான் வயல்லயே பாத்துட்டேன்.”

இதற்குமேல் தாங்காது என்று நினைத்தபோது புதிய தலைவர் ஆசையாகக் கேட்டார். “ஏதோ எழுதி வச்சினு இருந்தியே, படி கேக்கலாம்.”

நான்கு பக்கம். ஜனநாயகம், சமத்துவம், பொருளாதார நீதி எல்லாம் அதில் இருந்தன. ‘உங்கள் அன்பால் தலைவராகியுள்ள நான்’ என்ற இடத்தில் இருமிச் சமாளித்தேன். ‘இங்கே அனைவரும் சமம்’ என்ற இடத்தில் பூங்காவனம் அக்கா கையைக் காட்டினார்.

“இரு. இது நல்லாகீது. அப்போ அண்டாவ எல்லாரும் மொறை வச்சி தேச்சிடலாமா? இன்னா சொல்றீங்க?”

எங்கள் தெருக் கைகள் சட்டென்று உயர்ந்தன. மற்றவை ஒவ்வொன்றாக. கடைசியில் உயர்ந்தவை இரண்டு, இந்திராணியம்மாவுடையதும் என்னுடையதும். நான்கு பக்கச் சமத்துவத்தில் நான் அண்டாவை எழுத மறந்திருந்தேன். திங்கட்கிழமை தலைவர், செவ்வாய் இந்திராணியம்மா, புதன் நான் என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை அவர் வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். வந்தார். முழங்கை வரை கரியோடு தேய்த்து முடித்து, களைப்பில் கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்து டீயைக் குடித்துவிட்டார். அது பூங்காவனம் அக்காவின் டம்ளர். யாரும் பார்க்காத மாதிரி வெங்காயத்தைப் பார்த்தோம். தனி டம்ளர் இப்போது உப்பு அளக்கிறது.

புதன்கிழமை எனக்கு வயிற்றுவலி. (அண்டா வியாழன் வரை காத்திருந்தது.)

ஸ்டாம்ப்பை வீணாக்க அம்மாவுக்கு மனசில்லை. பிளேடை எடுத்துக்கொண்டு, “உம் பேரு எதுடி?” என்றாள். நான் எரிச்சலில் முதல் வரியைக் காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் அந்த ஒரு வரியை மட்டும் சுத்தமாகச் சீவி எடுத்துவிட்டாள். பட்டறைக்குப் போன முதல் கடிதத்தில்தான் பார்த்தேன். கோணலாக ‘பூங்காவனம்’ என்று கையெழுத்து. அதன் கீழே ‘பி.காம்., தலைவர்’.

இன்றைக்கும் பட்டறையிலிருந்து போன் வந்தால் “பி.காம் மேடம் இருக்காங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். “கீறேன் நைனா, சொல்லு” என்கிறார் பூங்காவனம் அக்கா.

அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சங்கத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள். “எங்க தலைவரு பி.காமு.”

“உம் பொண்ணு?”

“அதுவா, கடுதாசி எழுதும். புதங்கெழமைன்னா வயித்துவலின்னு படுத்துக்கும்.”