ஏப்பக் கணக்கு

"நூத்தி எழுபது... எழுபத்தொண்ணு... ஏய், இப்ப வந்தது ஏப்பமா, பெருமூச்சா?"

"மாடு விட்டது ஏப்பம். பெருமூச்சு நீங்க விட்டது. ரெண்டையும் சேர்த்து எழுதித் தொலைக்காதீங்க," என்றாள் மனைவி.

பால்காரர் நோட்டும் கையுமாகத் தொழுவத்தில் நின்றார். நாலு மாடு, நாற்பது வீடு, அவ்வளவுதான் பிழைப்பு. பால் விற்கும் உரிமத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் எப்போதும் பதினெட்டுக் கேள்விகள். இந்த வருஷம் பத்தொன்பதாவதாக ஒன்று முளைத்திருந்தது: 'உங்கள் மாடுகள் நாளொன்றுக்கு எத்தனை முறை ஏப்பம் விடுகின்றன?'

மற்ற பால்காரர்கள் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு மணி நேரம் எண்ணி, இருபத்து நான்கால் பெருக்கி, 5,760 என்று எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் வினை. உரிம அதிகாரி அந்த எண்ணைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். மாட்டு ஏப்பத்தில் வரும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குமாம்; 'பூமியைச் சூடாக்கும் தொழுவம்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. டிவியில் நாலு பேர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கத்தினார்கள். மறுநாள் அடுக்குமாடிக்காரர்கள் ஒன்பது காரில் பதாகையோடு வந்து இறங்கினார்கள். ஏசி நின்றுவிடும் என்று வண்டியை யாரும் அணைக்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா? எங்க பசங்க எதிர்காலம் என்னாகுறது?" என்றாள் முன்னால் நின்ற பெண்.

"உங்க பசங்க குடிக்கிறதே இந்தப் பாலைத்தாம்மா."

"நாளையிலேர்ந்து வேண்டாம்!"

இருபத்திரண்டு வீடு ஒரே நாளில் போயிற்று.

"எவனாவது உண்மையை எழுதுவானா மச்சான்?" என்று தலையில் அடித்துக்கொண்டான் மைத்துனன். "திருத்திக் கொடு. பூஜ்யம்னு போடு."

போட்டார். உரிம அதிகாரியிடமிருந்து உடனே போன் வந்தது.

"யோவ், ஏப்பம் விடாத மாடு வயிறு ஊதிச் செத்துடும்னு டாக்டர் சொல்றார். நீ பொய்த் தகவல் குடுத்திருக்கே. நேர்ல வந்து எண்ணப் போறேன்."

தின்றால்தானே ஏப்பம் என்று பால்காரர் கணக்குப் போட்டு, அதிகாரி வரும் அன்று காலையில் தீவனத்தை நிறுத்திவிட்டார். பசித்த நாலு மாடும் சேர்ந்து கத்திய கத்தில் தெருவே திரண்டது. பின்னாலேயே டிவிக்காரர்கள். முகமூடி போட்டுக்கொண்டு அதிகாரி வந்தார். குறிப்பெடுக்க அலுவலக டைப்பிஸ்டும் வந்தாள்.

கால் மணி நேரம் கூட மனைவியால் பொறுக்க முடியவில்லை.

"உங்க உரிமத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. வாயில்லா ஜீவனை வதைக்க என்னால ஆகாது," என்று ஒரு கட்டுப் புல்லை அள்ளிப் போட்டாள்.

சிவப்புப் பசு சாவகாசமாகத் தின்றது. அசைபோட்டது. பிறகு திரும்பி, அதிகாரியின் முகத்துக்கு நேராக நீளமாக ஒன்று விட்டது.

"ஒண்ணு!" என்று கத்தினார் அதிகாரி. "பொய்த் தகவல், பூமிக்குக் கேடு, ரெண்டும் நிரூபணம். உரிமம் ரத்து. எழுதிக்கோம்மா!"

"சார், பாதி வீடு ஏற்கெனவே போச்சு. மிச்சத்தையும் பிடுங்கிட்டா நாங்க எங்க போவோம்?" என்றார் பால்காரர்.

"என்கிட்ட அழுது என்னய்யா பிரயோஜனம்? பத்தொன்பதாவது கேள்வியை நானா போட்டேன்? மேலிடம் ஆராய்ச்சி பண்ணிப் போட்டது."

டைப்பிஸ்ட் பேனாவை மூடினாள்.

"இல்ல சார், நான் போட்டது. நீங்க எதையாவது படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுறீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் சேர்த்து அடிச்சேன்."