பேர் போட்ட மூட்டை

சீனி மூட்டையின் மேல் கவிழ்ந்து படுத்து, ‘நத்தர்ஷா பள்ளிவாசல் பின்புறம்’ வரை எழுதிவிட்டு, ‘திருச்சி’க்கு ‘தி’ போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மீரானுக்கு அந்தச் செய்தி வந்தது.

செய்தியைக் கொண்டுவந்த மனைவி ஷரபுன்னிசாவுக்கு அடுக்களையிலிருந்து கூடத்துக்கு நேர்வழி கிடையாது. எண்ணெய் டின்களுக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து, அரிசி மூட்டை மேல் ஏறி இறங்கித்தான் வரவேண்டும். ஏறி நின்றபடியே சொன்னாள்.

“ஏங்க, கலீம் சாஹிப் வீட்டுலேருந்து போன். நாயித்துக்கிழமைக்குப் பதிலா இன்னைக்கே பொண்ணு பாக்க வர்றாங்களாம். சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நேரா இங்கதான்.”

மார்க்கர் பேனா ‘ருச்சி’யை எழுதாமலே நின்றது.

கலீம் சாஹிப், பதுக்கல் எதிர்ப்புப் பேரவையின் தலைவர். பேரவையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காரில் கொடி உண்டு. கடலில் எங்கேயோ சண்டை, கப்பல் நின்றுவிட்டது, இனி எண்ணெய் வராது, சீனி வராது என்று ஊரில் பேச்சு கிளம்பிய நாளிலிருந்து, காந்தி மார்க்கெட் வாசலில் நின்று செல்போனைப் பார்த்து விரலை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். “பதுக்குறவன் பாவி. அவன் வீட்டுல பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டேன்.” நேற்று அவர் பேசியதை மீரான் பருப்பு மூட்டையில் உட்கார்ந்துதான் பார்த்தார். நன்றாகப் பேசுகிறார், நல்ல சம்பந்தி என்று நினைத்துக்கொண்டார்.

“நான் அப்பவே சொன்னேன்,” என்றாள் ஷரபுன்னிசா. “சீனி இல்லாட்டி வெல்லத்தைப் போட்டுக்கலாம். மாப்பிள்ளை இல்லாட்டி எதைப் போட்டுக்கிறது?”

மகள் பஸீலாவுக்கு இது மூன்றாவது வரன். முதல் வரன் வீடு சின்னது என்று போனது. இரண்டாவது, காரணம் சொல்லக்கூட மெனக்கெடாமல் போனது. துவாக்குடியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் கலீமின் மகன் வசீமின் போட்டோவைக் காட்டியபோதுதான் பஸீலா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், “உங்க இஷ்டம் அத்தா,” என்றாள். அந்த வீட்டில் அதற்கு அர்த்தம், இதுவும் போனால் இனி என்னிடம் கேட்காதீர்கள் என்பது.

சவூதியில் தம்மாமில் முப்பது வருஷம் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்ததாக மீரான் சொல்வார். ஸ்டோரில் இருந்தது உண்மை. பெட்டிகளின் மேல் பெயர் எழுதுவது வேலை. ஒருமுறை கேம்புக்குச் சாப்பாட்டு வண்டி வராமலே போய், நாள்கணக்கில் குபூஸ் ரொட்டியை உப்பில் தொட்டுத் தின்றார். அன்று முதல் காலி டப்பாவைப் பார்த்தால் அதை நிரப்பாமல் அவரால் இருக்க முடியாது. கூடவே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஊருக்கு அனுப்பும் பெட்டியை ஏர்போர்ட்டில் வேறொருவன் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க, நான்கு பக்கமும் கொட்டை எழுத்தில் பெயரும் விலாசமும் எழுதினால்தான் தூக்கம் வரும். வருஷா வருஷம் அவருடைய பெயர் ஊருக்கு வந்தது. அவர்தான் வரவில்லை. பஸீலா ‘அத்தா’ என்று முதலில் தொட்டுக் காட்டியது ஓர் அட்டைப் பெட்டியை.

ஆகவே இந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு டின்னும், தான் யாருடைய சாமான் என்று நான்கு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் எண்ணெய் டின்களைப் பக்கத்து வீட்டு சாரா பீவியிடம் கொண்டுபோனார்.

“அக்கா, ஒரு சாயங்காலம் மட்டும் வச்சிருங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் எதுக்குத் தம்பி சொல்லப்போறேன்?”

சாரா பீவி சொன்ன சொல் தவறவில்லை. எதிர்வீட்டு நஜ்முன்னிசாவிடம் மட்டும்தான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மீரான் வீட்டு வாசலில் பையும் தூக்குவாளியுமாக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வீட்டைத் தேட வேண்டிய சிரமம் அவர்களுக்கு இல்லை. டின்னிலேயே விலாசம் இருந்தது.

“ஜகாத் குடுக்குறீங்களாமே பாய். ஆளுக்கு எவ்வளவு?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நாளைக்கு வாங்க, பேசிக்கலாம்.”

“நாளைக்கு உண்டுன்றாரு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “எதுக்கும் இப்பவே வரிசைல நின்னுடு.” வரிசை நீண்டது.

மீரான் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் சரவணனுக்குப் போன் போட்டார். தம்மாமில் ஒரே அறையில் மேல்கட்டில், கீழ்கட்டிலாகக் கிடந்த நண்பன்.

“மச்சான், ஒரு லோடு சாமான். ரெண்டு நாள் உன் வீட்டுல வச்சுக்க.”

“இதுக்கு என்ன மச்சான் கேக்குற? மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. அனுப்பு.”

பின்பக்கச் சந்து வழியாகக் குட்டியானை வண்டி வந்தது. ஓட்டி வந்த தைரியராஜ் மூட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“எல்லாத்துலயும் பேர் போட்டிருக்கே பாய். எலெக்சனா?”

“ஏத்துப்பா.”

சீனி ஏறியது, பருப்பு ஏறியது, கோதுமை ஏறியது. அரிசியில் சில மூட்டைகளுக்கு இடமில்லை. “இதுக்கு மேல ஏத்துனா காவிரிப் பாலத்துல வண்டி படுத்துக்கும்,” என்று சொல்லிவிட்டு தைரியராஜ் கிளம்பிப் போனான்.

மிஞ்சிய அரிசி மூட்டைகளைப் பஸீலாதான் கூடத்துச் சுவரோரம் வரிசையாக அடுக்கினாள். மேலே மெத்தையைப் போட்டு, பூப்போட்ட விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டதும், அது நல்ல திவானாகவே ஆகிவிட்டது.

“அத்தா, இந்த மூட்டை ஓரத்துல பிஞ்சிருக்கு.”

“துணியை வச்சு அடைச்சிடும்மா. அதுல யாரு உக்காரப்போறா?”

அதற்குள் அடுக்களையிலிருந்து ஷரபுன்னிசாவின் குரல் வந்தது. சத்தமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏங்க, டீக்கு சீனி எங்க?”

சீனி காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு கரண்டிகூட எடுத்து வைக்க அவருக்குத் தோன்றவில்லை. தெருமுனைக் கடைக்கு ஓடினார்.

“என்ன பாய் விளையாடுறீங்களா?” என்றார் கடைக்காரர். “கடைசி மூட்டையை நேத்து நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க?”

சாரா பீவியிடம் டம்ளரை நீட்டினார்.

“ஊரையே வாங்கி வீட்டுல வச்சுக்கிட்டு என்கிட்ட சீனி கேக்குறியே தம்பி. ரெண்டு நாளா நான் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறேன்.”

காலி டம்ளருடன் திரும்பியபோது, கொடி கட்டிய கார் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதே நேரம் சட்டைப்பையில் போனும் அதிர்ந்தது. சரவணன்.

“மச்சான், தப்பா நெனச்சுக்காத. என் வீட்டுக்காரி வேணி எனக்கே தெரியாம மாடி ரூம் முழுக்க உப்பும் புளியுமா அடைச்சு வச்சிருக்கா. கதவைத் தொறக்க முடியல. சாமி புறப்பாடு வருது, வண்டியை எடுங்கன்னு தெருவுல சத்தம் போடுறாங்க. ஒரு புரோக்கர் மொத்தமா கேக்குறான். யாரோ பெரிய மனுசருக்கு அவசரமா வேணுமாம். இதே வண்டியிலயே கொண்டுபோயிடுவானாம். குடுத்துடட்டுமா?”

கார்க் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை இறங்கியது.

“குடுத்துத் தொலை,” என்று மீரான் போனை அணைத்தார். “அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க வாங்க.”

“வ அலைக்கும் ஸலாம்.” கலீம் சாஹிப் வரிசையைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார். “என்ன பாய், வாசல்ல கூட்டம்?”

மீரான் வாயில் வேறு எதுவும் வரவில்லை. “ஏழைபாழைங்களுக்கு... கொஞ்சம் ஜகாத்.”

“மாஷா அல்லாஹ்.” கலீம் உடனே செல்போனை எடுத்தார். “ஊரே பதுக்குற நேரத்துல பகிர்ந்து குடுக்குற கை. நீங்க குடுங்க, நான் வீடியோ எடுக்குறேன்.”

“குடுத்து முடிச்சாச்சு சம்பந்தி.”

“எங்க குடுத்தீங்க?” என்றது வரிசை.

“விளம்பரம் வேண்டாம்னு பாக்குறேன்,” என்று மீரான் அவரைத் தோளோடு அணைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

கூடத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வசீமும் அவன் தாய் இர்பானாவும் அவற்றில் உட்கார்ந்தார்கள். தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். பிறகு திவானைப் பார்த்தார். தலைவர் திவானில்தான் உட்கார்ந்தார்.

“கட்டில் நல்லா கெட்டியா இருக்கே.”

“தேக்கு,” என்றார் மீரான்.

பஸீலா டீ கொண்டுவந்தாள். வசீம் டீயை எடுக்காமல் அவளையே பார்த்தான். கலீம் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சீனி போடலியா?”

பஸீலா அத்தாவைப் பார்த்தாள்.

“உங்க பேச்சைக் கேட்டதுலேருந்து இந்த வீட்டுல சீனியை நிறுத்திட்டோம்,” என்றார் மீரான். “நாம குறைச்சுக்கிட்டா இன்னொருத்தனுக்குக் கெடைக்கும்ல.”

கலீம் சாஹிப்பின் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா இர்பானா. வீடு சின்னது, சீனி இல்ல, ஆனா மனசு? இந்த மாதிரி எடம்தான் நான் தேடினேன்.” உணர்ச்சி மிகுதியில் திவானை ஓங்கித் தட்டினார்.

ஓரத்தில் அடைத்திருந்த துணி நழுவியது.

சர்ரென்று ஒரு மெல்லிய சத்தம். கலீம் பேச்சை நிறுத்தாமல் காலை உதறினார். சத்தம் நிற்கவில்லை. குனிந்து பார்த்தார். அவருடைய வலது பாதம் பொன்னி அரிசியில் பாதி புதைந்திருந்தது.

எழுந்தார். விரிப்பைத் தூக்கினார். இவ்வளவு நேரம் தான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்ததை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

“மீரான். நத்தர்ஷா பள்ளிவாசல் பின்புறம். திருச்சி.”

யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் என்று சொல்ல மீரான் வாயைத் திறந்தார். எழுத்து மிகவும் தெளிவாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

“தேக்கு,” என்றார் கலீம். அதற்கப்புறம் அவர் பேசியது முழுக்க காந்தி மார்க்கெட் பேச்சு. விரலும் அதே விரல்தான். ஏழையின் வயிற்றில் அடித்தவன் என்றார். பாவத்தின் மேல் தன்னை உட்காரவைத்தவன் என்றார். கடைசியில், “இந்த வீட்டுல குடிச்ச டீக்கு நான் தவ்பா செஞ்சு பாவமன்னிப்பு கேக்கணும். சம்பந்தம் வேண்டாம். இர்பானா, எந்திரி,” என்றார்.

“அத்தா, விடுங்களேன்,” என்றான் வசீம், தரையைப் பார்த்தபடி.

“நீ பேசாத. நாளைக்கு ஊரு என்னைப் பாத்து என்ன சொல்லும்? கலீம் பதுக்கல்காரன் வீட்டுல பொண்ணு எடுத்தான்னுல்ல சொல்லும்?”

ஷரபுன்னிசா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸீலா டீ தட்டைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு, சிந்திய அரிசியைத் துப்பட்டாவில் அள்ளத் தொடங்கினாள். மீரானும் பக்கத்தில் குனிந்தார். அவர் அள்ளியதைவிடச் சிந்தியது அதிகம்.

“விடுங்கத்தா,” என்றாள் அவள் மெதுவாக. “எனக்குப் பழகிடுச்சு.”

முப்பது வருஷம் பாலைவனத்தில் காய்ந்தவருக்கு அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. எல்லாமே தீர்ந்துபோகும் என்று பயந்து பயந்து வாங்கிச் சேர்த்தவர். எது தீர்ந்துபோகும் என்று மட்டும் கணக்குப் போடவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. வரிசை சலசலத்தது. வாசற்படியில் வியர்வையைத் துடைத்தபடி தைரியராஜ் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் குட்டியானை. வண்டி நிறைய மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ‘மீரான், மீரான், மீரான்’.

மீரான் கண்ணை மூடிக்கொண்டார். விற்றுத் தொலைத்ததுகூட விலாசம் பார்த்துத் திரும்பி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த மானத்தையும் இந்த வண்டி இறக்கிவைத்துவிட்டுத்தான் போகும்.

“பாத்தீங்களா, இன்னும் ஒரு லோடு,” என்று கலீம் விரலை உயர்த்தினார்.

தைரியராஜ் மீரானைப் பார்க்கவே இல்லை. அந்த விரலைப் பார்த்ததும் அவன் முகத்தில் நிம்மதி வந்தது.

“கலீம் ஐயா, உங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு, நல்லவேளை திரும்பி வர்ற வழியில இந்த வாசல்ல கொடி கட்டுன காரைப் பாத்தேன், போன வாரம் எறக்குன ரூம்லதான் இனி எடமே இல்லையே, புரோக்கர் உங்களுக்குன்னு வாங்குன இந்த லோடை எங்க எறக்கட்டும்?”