பதினேழு பேருக்கும் ஒரே நாடி

"உட்கார்ந்தே இருப்பது உடல்நலத்துக்குக் கேடு என்பது அரசின் கவனத்துக்கு வந்துள்ளது." மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை இப்படித்தான் தொடங்கியது. மூத்த எழுத்தர் உஸ்தாத் பஹ்ஜத் எழுந்து நின்று அதை உரக்கப் படித்தார். படித்து முடித்த களைப்பில் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் அலுவலகம் எகிப்தின் தமன்ஹூரில் கால்வாய்க்கு அந்தப் பக்கம், நாலு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. வீட்டுக் குடிநீர் மீட்டர்களின் அளவைச் சரிபார்க்கும் கிளை. மீட்டர்களை யாரும் போய்ப் பார்த்ததில்லை. போன வருட அளவை இந்த வருடத் தாளில் எழுதி, "நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று அரசின் கழுகு முத்திரை குத்துவார்கள். நான் அங்கே டீ போடுகிறவள். பெயர் உம்மு வஜ்தி. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வேலை நிற்கவில்லை. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருக்கிறேன்.

என் பிரச்சினை இதுதான். ஐம்பது வயது முடிந்துவிட்டால் யாரையும் நிரந்தரம் ஆக்க முடியாது என்று விதி. எனக்கு ஐம்பது முடிய முப்பத்தைந்து நாள் இருந்தது. என் கோப்பு எங்கள் இயக்குநர் இஸ்மத் பே, அதாவது இஸ்மத் ஐயா, அவருடைய இழுப்பறையில் கையெழுத்துக்காகப் படுத்திருந்தது. நான் ராத்தூக்கம் இல்லாமல் புரண்டுகொண்டிருந்தேன். இரண்டில் எது முதலில் எழுந்திருக்கும் என்று தெரியவில்லை.

சுற்றறிக்கையோடு ஒரு பெட்டி வந்தது. அதில் கையில் கட்டிக்கொள்ளும் பதினேழு பட்டைகள். காலடியை எண்ணும், நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தானாகவே கெய்ரோவுக்கு அனுப்பிவிடும். தலைப்பு 'சுகாதாரச் சவால்', சிறந்த அலுவலகத்துக்குப் பரிசு. உத்தரவு தெளிவாக இருந்தது. "வழங்கப்பட்ட ஒவ்வொரு பட்டையும் முப்பது நாட்கள், நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடிகளைப் பதிவு செய்தல் வேண்டும். தவறினால் விளக்கம் கோரப்படும்." நிரந்தர ஊழியர் பதினேழு பேர், பட்டையும் பதினேழு. தற்காலிகப் பணியாளருக்கு ஆரோக்கியம் ஒதுக்கப்படவில்லை.

முதல் நாள் எல்லாரும் நிஜமாகவே நடந்தார்கள். நடைகூடம் பன்னிரண்டு மீட்டர் நீளம். பதினேழு பேரும் பதவி வரிசைப்படி, இயக்குநர் முன்னால் வர, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்த் திரும்பினார்கள். மனு கொடுக்க வந்த ஒரு கிராமத்துப் பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் சேர்ந்துகொண்டார். இரண்டு சுற்று நடந்த பிறகு உஸ்தாத் பஹ்ஜத்தின் காதருகே கேட்டார்.

"யாருங்க மய்யித்து? அடக்கம் பண்ணப்போறது நம்ம ஊர்க்காரரையா?"

"இன்னும் யாரும் ஆகலை பெரியவரே. மேடம் இன்ஷிராஹுக்கு மூச்சு வாங்குது. பாத்துக்கிட்டிருக்கோம்."

மேடம் இன்ஷிராஹ்தான் கழுகு முத்திரைக்குப் பொறுப்பு. பெரிய உடம்பு, பெரிய மனசு. மறுநாள் அவரே வழி கண்டுபிடித்தார். அரிசி அடைத்துச் சமைப்பதற்காகச் சின்னச் சுரைக்காய்களைக் குடைவது அவருடைய அன்றாட அலுவலகப் பணி. பட்டை கட்டிய கையால் ஒரு கிலோ குடைந்தால் தொள்ளாயிரம் காலடி ஏறியது. பத்து மணிக்குள் செய்தி பரவிவிட்டது. பதினோரு மணிக்கு ஆண்கள், பெண்கள், இஸ்மத் பே உட்பட அத்தனை பேரும் மேசைமேல் தாளை விரித்துச் சுரைக்காய் குடைந்தார்கள். நாலே நாளில் சந்தையில் சுரைக்காய் தீர்ந்தது. வீட்டில் தினமும் அடைத்த சுரைக்காய் சாப்பிட்டதில் அலுவலகம் மொத்தத்துக்கும் இடுப்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

உஸ்தாத் பஹ்ஜத் தன் பட்டையை மின்விசிறியில் கட்டிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் நாற்பதாயிரம் காலடி. "அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லவும்" என்று பட்டை அலறியது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. அவர் இறந்துவிட்டதாகக் கெய்ரோவுக்குத் தகவல் போய்விட்டது. உயிரோடு இருப்பதற்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஐந்தாம் நாள் இஸ்மத் பே என்னைக் கூப்பிட்டார்.

"உம்மு வஜ்தி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாடி ஏறி இறங்குறே?"

"நீங்க எத்தனை தடவை டீ கேக்குறீங்களோ அத்தனை தடவை, பே."

"அதுதான் பார்த்தேன். எவ்வளவு அருமையான நடை. யாருக்கும் பிரயோஜனம் இல்லாம வீணாப் போகுது."

மேடம் இன்ஷிராஹ் சுற்றறிக்கையைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். "பட்டை பதிவு செய்யணும்னுதான் போட்டிருக்கு, பே. அது யார் கையில இருக்கணும்னு ஒரு வார்த்தை இல்லை. நம்ம இஷ்டத்துக்கு நம்ம கைதான்னு முடிவு பண்ணினா, அது சட்டத்தைத் திருத்துற மாதிரி ஆயிடும்."

"சட்டத்தைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லையே," என்றார் இஸ்மத் பே வருத்தத்தோடு.

"பே, எனக்கு முட்டிவலி. அதோட என் கோப்பு..."

"முப்பது நாள் முடியட்டும். முப்பத்தோராம் நாள் கையெழுத்து. என் தாய்மேல ஆணை."

இடது கையில் எட்டு, வலது கையில் ஏழு, கணுக்காலுக்கு ஒன்றாக இரண்டு. எது யாருடையது என்று தெரிய வண்ண நூல் கட்டிக்கொண்டேன். சவாலில் நான் கற்ற முதல் பாடம்: பதினேழு அரசு ஊழியர்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது டீத்தட்டை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் புதுச் சிக்கல் முளைத்தது. பதினேழு பேருக்கும் ஒரே எண்ணிக்கை வந்தது. நடையில்கூட இயக்குநரும் கடைநிலை எழுத்தரும் சமம் என்றால் நிர்வாகம் என்னாவது? அதனால் தினமும் மாலையில் பதவி வரிசைப்படி பட்டைகளைக் கழற்றும்படி வாய்மொழி உத்தரவு போட்டார்கள். கடைநிலை எழுத்தரின் பட்டையை முதலில் கழற்றிவிட்டு நடைகூடத்தில் ஒரு சுற்று. அடுத்த நிலை, இன்னொரு சுற்று. கடைசியில் எல்லாரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போன பிறகு, இஸ்மத் பேயின் பட்டையோடு மட்டும் நான் தனியாக இருநூறு அடி நடப்பேன். அந்த இருநூறு அடியில் கொஞ்சம் மிடுக்கும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைக்கும் கணக்கு உண்டு என்பதால் பட்டைகளை வீட்டுக்கும் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் அபூ வஜ்தி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இதுல ஆம்பளைங்க எத்தனை பேர்?"

"பதினோரு பேர். ஆறு பொம்பளைங்க."

"பதினோரு அந்நிய ஆம்பளைங்க நாடி என் வீட்டுக்குள்ள துடிக்கணுமா? வெட்கமா இல்ல உனக்கு?"

"நாடி என்னோடதுதாங்க. பேருதான் அவங்களோடது."

"உன் நாடிக்கு அடுத்தவன் பேரா? அது இன்னும் மோசம்டி."

பட்டைகளை மாவு டப்பாவில் போட்டு மூடி, மேலே ஒரு துணியும் போர்த்திய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். அந்த வாரம் என் தங்கை மகளுக்கு மருதாணி வைக்கும் சடங்கு. போகாமல் இருக்க முடியாது, போனால் ஆடாமல் இருக்க முடியாது. அன்றைக்கு எங்கள் அலுவலகம் ஆளுக்கு முப்பத்தோராயிரம் காலடி எடுத்தது. மறுநாளே பாராட்டுக் கடிதம் வந்தது. கால்விரல் முறிந்து மருத்துவ விடுப்பில் இருந்த பொருளாளருக்கு அதில் தனிப்பாராட்டு.

முப்பது நாளும் முடிந்தது. முப்பத்தோராம் நாள் கோப்பைப் பற்றிக் கேட்டேன். "கெய்ரோவிலிருந்து குழு வருது, உம்மு வஜ்தி. முதல் பரிசே நமக்கு வரலாம். அது முடியட்டும்," என்றார் இஸ்மத் பே. எனக்கு ஐம்பது முடிய இன்னும் நாலு நாள். முட்டியில் கோஸ் இலையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

முப்பத்து மூன்றாம் நாள் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் டாக்டர் முஃதஸ், மூக்கின் நுனியில் கண்ணாடி. எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து ஒரு பெரிய தாளை விரித்தார். நான் டீத்தட்டோடு கதவோரம் நின்றேன்.

"முப்பது வருஷமா நான் சேவையில இருக்கேன்," என்று தொடங்கினார். "இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. பதினேழு பேர். அஞ்சாம் நாள்ல இருந்து பதினேழு பேருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் ஒரே நாடித்துடிப்பு."

உஸ்தாத் பஹ்ஜத் மேசைக்கு அடியில் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

"இதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும்." டாக்டர் முஃதஸ் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "ஒற்றுமை. ஒரே இதயமா உழைக்கிற ஒரு அலுவலகம். கருத்தரங்குல பேசுவோம், நேர்ல பார்க்குறது இதுதான் முதல் தடவை."

எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். அதையும் குழு குறித்துக்கொண்டது.

"ஒரு சந்தேகம். பதினேழாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு எல்லாருடைய நாடியும் ஒரேயடியாத் துள்ளியிருக்கே, என்ன நடந்தது?"

சர்க்கரை மூட்டைக்குப் பின்னாலிருந்து பூனை ஒன்று என்மேல் பாய்ந்த நேரம் அது. இஸ்மத் பே எழுந்தார். "உங்க சுற்றறிக்கையை அன்னைக்குத்தான் ரெண்டாவது முறை படிச்சோம், பே."

டாக்டர் முஃதஸ் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

பிறகு "சவாலிலிருந்து நான் கற்ற பாடம்" என்ற படிவத்தை ஒவ்வொருவராக வாசித்தார்கள். ஒருவருக்கு ஒரு வரி. "மனம் ஒப்பினால் உடல் தேவையே இல்லை," என்று மேடம் இன்ஷிராஹ் எழுதியிருந்தார். "ஓய்வில் இருந்தபோதும் நான் ஓயவில்லை" என்பது பொருளாளரின் வரி. இரண்டிலும் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இந்த நல்ல நேரத்தை விடக் கூடாது என்று இஸ்மத் பேக்கும் தோன்றியிருக்க வேண்டும். என் கோப்பை எடுத்துக் குழுவின் முன் வைத்தார். டாக்டர் முஃதஸ் புரட்டினார். பட்டியலில் தேடினார். நெற்றியைச் சுருக்கினார்.

"இந்த அம்மா பேர்ல முப்பது நாள்ல ஒரு காலடிகூடப் பதிவாகலையே. நாடியும் இல்லை."

பன்னிரண்டு வருடம் கண்முன்னால் கரைந்து போயிற்று. வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"பே, அந்த நாடி என்னோடது! பதினேழும் என்னோடதுதான்! நான்தான் நடந்தேன்!"

பதினேழு பேரும் வெளுத்துப் போனார்கள். டாக்டர் முஃதஸ் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"உங்களுக்குப் பட்டை வழங்கினதாப் பதிவு இருக்காம்மா?"

"இல்லை, பே."

"பட்டையே இல்லாதவங்களுக்கு நாடி எப்படிம்மா இருக்கும்?"

ஐந்தாம் வகுப்பில் அவ்வளவு தூரம் சொல்லித்தரவில்லை.

மூன்று பேரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். பிறகு டாக்டர் முஃதஸ் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். இவ்வளவு நடக்கக்கூடியவர்களை நாற்காலியில் உட்காரவைப்பது தேசிய வளத்தை வீணடிப்பதாகும். எனவே பதினேழு பேரும் இன்று முதல் களப்பணிக்கு மாற்றப்படுகிறார்கள். கால்வாய்க் கரையிலுள்ள நாற்பத்து மூன்று கிராமங்களின் மீட்டர்களையும் நடந்தே போய் நேரில் பார்ப்பார்கள். வாகனம் தருவது அவர்களுடைய சாதனையை இழிவுபடுத்தும் என்பதால் தரப்படமாட்டாது.

மேடம் இன்ஷிராஹ் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். பிடியை விடுவிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"அலுவலகத்தை யார் பார்க்குறது, பே?" என்றார் இஸ்மத் பே.

"அதையும் யோசிச்சோம். இங்க உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேணும். சுத்தி இருக்குற எல்லாரும் ஓடிக்கிட்டிருந்தப்ப, முப்பது நாள் ஒரு அடிகூட எடுத்து வைக்காம இருந்த ஒரே ஆள் இந்த அம்மாதான். இப்படி ஒரு உட்காரும் திறமையை நாங்க எந்த மாவட்டத்துலயும் பார்க்கலை."

அன்று மாலையே நான் நிரந்தரம் ஆனேன். ஐம்பது முடிய இரண்டு நாள் இருந்தது. கழுகு முத்திரையை என் கையில் கொடுத்தார்கள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பதினேழு பேரும் கருத்து, இளைத்து, பார்க்கவே லட்சணமாக ஆகிவிட்டார்கள். மேடம் இன்ஷிராஹுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாம். இஸ்மத் பே கழுதைகளுக்கு வழிவிட்டு வரப்பில் ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டாராம். மீட்டர்கள் பெரும்பாலான வீடுகளில் பொருத்தப்படவே இல்லை என்று கண்டுபிடித்து அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். போன வருட அளவோடு அது ஒத்துப்போகவில்லை என்பதால் அதை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

எனக்குத்தான் உடம்பு சரியில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பத்து கிலோ ஏறிவிட்டது. முட்டி வீங்கியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காப்பீட்டு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஹாஜ்ஜா அம்மா, நீங்க தினமும் கொஞ்சமாவது நடக்குறீங்களா இல்லையா?"

அவருக்கு நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மனு கொடுக்க வருகிறவரை நாலாவது மாடிக்கு அனுப்புவேன். அங்கிருந்து நகல் எடுக்கக் கால்வாயைத் தாண்டி அனுப்புவேன். நகலோடு வந்தால் மூலத்தைக் கொண்டுவரக் கிராமத்துக்கு அனுப்புவேன். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருகிறார்கள்.

"சரி ஹாஜ்ஜா, இதுல நீங்க எங்க நடக்குறீங்க?"

"நான் எதுக்கு டாக்டர் நடக்கணும்?" என்றேன். "அதுக்குத்தானே ஜனங்க இருக்காங்க."