வாளும் வாளியும்

மனித குலத்தைக் கரையேற்றக் கூடியது வரலாற்றுப் போர் நாவல் ஒன்றுதான் என்பது என் அசைக்க முடியாத கருத்து. மருந்து உடம்பைக் காப்பாற்றும். சட்டம் சொத்தைக் காப்பாற்றும். ஆனால் ஒருவன் நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த சண்டை ஒன்றில் குறைந்தது நாலாயிரம் பேரைச் சாகடித்துக் காட்ட வேண்டும். அப்போது கண் கலங்கினால் அவன் மனிதன். எங்கள் அலுவலகத்தில் ஏழு பேருக்குக் கலங்கியது. ஏழு பேரும் மனிதர்கள் என்பது பதிவேட்டிலேயே இருக்கிறது.

எங்களுடையது குடிநீர் வழங்கல் பிரிவு அலுவலகம். நான் கிடங்குக் காப்பாளர். குழாய், வால்வு, போல்ட், நட், ரப்பர் வளையம் எல்லாம் என் பொறுப்பு. கிடங்கின் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

'வாள் வாசகர் வட்ட'த்தை நிறுவியவர் எங்கள் பிரிவுப் பொறியாளர். முதுகுக்குப் பின்னால் அவரைச் 'சேனாதிபதி' என்று கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அது அவர் காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட அனுமதி கிடைத்தது.

வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்குப் பதிவறையில் கூடுவோம். வாசலில் 'அலுவலர்கள் களப்பணியில் உள்ளனர்' என்ற பலகை தொங்கும். அதில் பொய் எதுவும் இல்லை. போர்க்களமும் களம்தானே.

வட்டத்தின் விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வாரமும் ஓர் உறுப்பினர் ஒரு நாவலைப் பரிந்துரைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் 'பரிந்துரை' என்பது லேசுப்பட்ட சொல் அல்ல. ஒரு குழாய் மாற்றுவதற்கான கோப்பு ஐந்து மேசைகளைத் தாண்டிப் பரிந்துரை ஆவதற்குக் குறைந்தது பத்தொன்பது நாள் பிடிக்கும். வெள்ளிக்கிழமைகளிலோ, ஆயிரம் பக்க நாவல் ஒன்று நான்கே நிமிடத்தில் பரிந்துரைக்கப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஏகமனதாக ஏற்கப்படும். எங்கள் செயல்திறனைக் குறை சொல்கிறவர்கள் எவரும் வெள்ளிக்கிழமை வந்து பார்த்ததில்லை.

ஒரு முறை எங்கள் வரைபடக்காரர் எழுந்து, "இந்த நாவலைப் பலமா பரிந்துரைக்கிறேன் சார். இதுல முன்னூத்திப் பத்து குதிரை வருது" என்றார்.

"போன வாரத்து நாவல்ல நானூறு வந்துச்சே" என்றார் சேனாதிபதி.

"இதுல ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியா வம்சாவளி இருக்கு சார்."

"அப்ப சரி. ஏத்துக்கலாம்."

நடவடிக்கைக் குறிப்பு எடுப்பவர் தட்டச்சு அம்மா. வட்டத்தில் ஒரே பெண். அவர் ஒரு நாள், "சார், தெரியாமத்தான் கேக்கிறேன், அந்த நாலாயிரம் பேருக்கும் சமைச்சுப் போட்டது யாரு?" என்று கேட்டார். கேள்வி வரலாற்றுக்குப் புறம்பானது என்று நிராகரிக்கப்பட்டது. அந்த நிராகரிப்பையும் அவரேதான் தட்டச்சு செய்தார்.

இப்படி நாங்கள் முன்னேறிக்கொண்டிருந்தபோதுதான் சேனாதிபதி அந்த முற்றுகை நாவலைப் பரிந்துரைத்தார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். எதிரி அரசன் கோட்டையைச் சூழ்ந்துகொண்டு, உள்ளே போகும் வாய்க்காலை அடைத்துவிடுகிறான். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு தாய், பனியில் நனைந்த துணியைப் பிழிந்து குழந்தையின் வாயில் விடுகிறாள். அந்த இடத்தைச் சேனாதிபதி வாய்விட்டுப் படித்தார். பாதியில் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். துக்கம் தாங்காமல் நாங்களும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம்.

அந்தப் புனிதமான நேரத்தில் வால்வுக்காரர் வாசலில் வந்து நின்றார். தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. வேலையைத் தவிர வேறு ரசனை இல்லாதவர்.

"கடைசித் தெரு வால்வுல திருகுற தண்டு, ஸ்பிண்டில், உடைஞ்சு போச்சு சார். திறக்கவே முடியல. கிடங்குல புதுசு இருக்கு. இந்தச் சீட்டுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா ஒரு மணி நேரத்துல மாட்டிடுவேன்."

"ஏன்யா, இங்க ஒரு ஊரே தண்ணி இல்லாம செத்துக்கிட்டிருக்கு. உனக்கு ஸ்பிண்டில் அவசரமா?" என்றார் சேனாதிபதி. இருந்தாலும் பெருந்தன்மையாகச் சீட்டை வாங்கிக்கொண்டார். "பரிசீலிக்கிறேன், போ."

அந்த ஸ்பிண்டில் எதிர் அறையில்தான் இருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பன்னிரண்டு அடி.

கடைசித் தெருவில் என் அக்கா குடியிருக்கிறாள். மூன்றாவது மாடி. அவள் மகளுக்கு அறுவை சிகிச்சை செய்து குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நாலாம் நாள் அக்கா ஃபோன் செய்தாள்.

"டேய், குழாயைத் திறந்தா காத்துதான்டா வருது. வீட்ல பச்சை உடம்புக்காரி இருக்கா. குழந்தைத் துணியே மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு."

"மனு கொடுக்கா."

"உன்கிட்டதானே சொல்லிக்கிட்டிருக்கேன்?"

"என்கிட்ட சொன்னா அது உறவு. மனுவா கொடுத்தாதான் அது குறை."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். என் விளக்கத்தின் ஆழம் அவளை யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனுவோடு வந்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து வாளி வாளியாகத் தூக்கி மூன்று மாடி ஏறியதில் அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பலகைக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்தேன். ஆனால் அத்தியாயம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று உறுதி எடுத்திருந்தோம். கோட்டைக்குள்ளே மக்கள் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எழுந்து போவது மனிதத்தன்மை ஆகுமா?

ஐந்து மணிக்கு வெளியே வந்தேன்.

"எப்பக்கா வந்தே?"

"மூணு மணிக்கு."

"நான் களப்பணியில இருந்தேன்."

"கதவுக்குக் கீழே உன் செருப்பு தெரிஞ்சுது."

அப்போது அவள் ஃபோன் அடித்தது. பேசியது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. அக்கா இங்கே பெஞ்சில் காத்திருந்த நேரத்தில், குழந்தைக்கு மாற்றுத் துணி தீர்ந்துபோய், மகளே வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிறாள். நிரப்பிக்கொண்டு ஏறும்போது இரண்டாவது மாடிப் படியில் வழுக்கி விழுந்து தையல் பிரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அக்கா மனுவை என் கையில் திணித்துவிட்டு, அந்த முழங்காலோடு ஓடினாள். நான் உள்ளே போய் மனுவில் 'பெறப்பட்டது' முத்திரையைக் கோணாமல் குத்தினேன். எனக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்தது. நாவலைத் திறந்தேன். நாலு பக்கத்தில் கனம் குறைந்தது. நல்ல இலக்கியத்தின் பயன் அதுதான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கீழே தடதடவென்று சத்தம். சேனாதிபதி ஜன்னலைத் திறந்து பார்த்தார். கடைசித் தெரு முழுக்க வாசலில் நின்றது. அவர் முகம் மலர்ந்ததை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

"முற்றுகை!" என்றார். "நம்மளையே முற்றுகை போட்டிருக்காங்கய்யா! எத்தனை பேர்?"

"அறுபது இருக்கும் சார்" என்றார் வரைபடக்காரர்.

"ஆயுதம்?"

"வாளி சார்."

"பழந்தமிழ்ல வாளின்னா அம்பு. தெரியுமா?"

"இது பிளாஸ்டிக் சார்."

வெளிக்கதவைத் தாழிடச் சொல்லி உத்தரவு பறந்தது. மாடிப்படியின் மேல் முனையில் இரண்டு பீரோக்களை இழுத்துவைத்தோம். வரைபடக்காரர் எங்கள் அலுவலகத்துக்கே வரைபடம் போட்டு, 'வடக்கு வாயில்', 'தெற்கு வாயில்' என்று குறித்தார். தெற்கு வாயில் கழிப்பறை. வாசித்ததெல்லாம் வீண்போகவில்லை என்ற பெருமிதம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. கடைசியில், தூது அனுப்பாமல் போரிடுவது தர்மமல்ல என்று தட்டச்சு அம்மாவைக் கீழே அனுப்பினோம்.

அவர் பீரோ இடுக்கில் நுழைந்து, நிதானமாக இறங்கிப் போய், தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்.

சுருங்கச் சொன்னால், கோட்டை விட்டோம்.

பீரோக்களைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவள் என் அக்கா. பின்னாலேயே தையல்காரம்மா, அவருக்குப் பின்னால் வால்வுக்காரர்.

"என் சீட்டு என்ன சார் ஆச்சு? இன்னியோட பதினஞ்சு நாள்" என்றார் வால்வுக்காரர்.

"பரிசீலனையில இருக்கு."

"எங்க இருக்கு? காட்டுங்க" என்றாள் அக்கா. மேசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடுவில் கிடந்த நாவலைத் தூக்கிப் பிரித்தாள். அதிலிருந்து ஒரு சீட்டு நழுவிக் கீழே விழுந்தது. வால்வுக்காரரின் கோழிக்கிறுக்கல் எழுத்து.

வால்வுக்காரர் குனிந்து அதை எடுத்தார்.

"முக்கியமான பக்கம்னு அடையாளம் வச்சிருந்தேன்" என்றார் சேனாதிபதி.

அக்கா நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள். "இந்தக் குழந்தை பொழைச்சுதா?"

"இல்லம்மா" என்றார். இப்போதும் அவர் குரல் தழுதழுத்தது. எப்பேர்ப்பட்ட வாசகர்!

"கையெழுத்து போடுங்க."

"கும்பலா வந்து மிரட்டி வாங்குற கையெழுத்து செல்லாதும்மா. அப்படி ஒரு முன்னுதாரணம் வந்துட்டா நிர்வாகம் என்னாகும்?"

அக்கா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சாவி."

"அக்கா, பரிந்துரை இல்லாம நான் எப்படி..."

என் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கைக்குட்டை மடித்து வைப்பதற்காக அவள் அந்தப் பைக்குள் கை விடுவாள். அதற்கப்புறம் இப்போதுதான். நான் தடுக்கவில்லை, அசையவும் இல்லை. சாவியை எடுத்து வால்வுக்காரரிடம் கொடுத்தாள். அவர் பன்னிரண்டு அடி நடந்தார்.

முக்கால் மணி நேரத்தில், வந்த கூட்டத்தில் ஒருத்தியின் ஃபோன் அடித்தது. "வந்துடுச்சாம்!" என்று கத்தினாள். படிகளில் வாளிகள் மோதிக்கொண்டு இறங்கிய சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இதற்குப் பிறகுதான் எங்கள் அலுவலகத்தின் உண்மையான வேகத்தை உலகம் கண்டது. அனுமதியின்றி அரசுப் பொருளை எடுத்துப் பொருத்திய வால்வுக்காரரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யும் பரிந்துரை, திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கிளம்பி, ஐந்து மேசைகளையும் தாண்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உத்தரவாகிவிட்டது. தட்டச்சு அம்மா தொலைதூரப் பிரிவு ஒன்றுக்கு மாற்றப்பட்டார். தம் மாறுதல் உத்தரவையும் பிழையில்லாமல் அவரே தட்டச்சு செய்துகொடுத்தார்.

விசாரணையில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி: சாவியைப் பறித்தது யார்? 'அடையாளம் தெரியாத ஒரு பெண்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவோடு அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அக்கா குழாயடியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் எழுதிக்கொடுத்ததைச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கே" என்றாள்.

அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது. உணர்ச்சிவசப்படுகிறவர்களோடு என்ன செய்வது? ஆழ்ந்து வாசிக்கிற பழக்கம் இல்லாததால் வருவது.

சேனாதிபதி இப்போது தலைமை அலுவலகத்தில் உயர்ந்த பதவியில் இருக்கிறார். துறை மலரில் அவர் எழுதிய 'ஒரு முற்றுகையில் உயிர் பிழைத்தேன்' கட்டுரைக்குப் பெரிய வரவேற்பு. அதைத் தொடர்ந்து எல்லாப் பிரிவுகளிலும் வாள் வாசகர் வட்டம் கட்டாயமாகிவிட்டது. நான் மத்தியப் பரிந்துரைக் குழுவின் செயலாளர்.

புதிய வாசகர்கள், எந்த நாவலில் தொடங்கலாம் என்று கேட்டு எழுதுகிறார்கள். தயங்காமல் அந்த முற்றுகை நாவலையே பரிந்துரைக்கிறேன். தொண்டை அடைக்கும். கண் நிறையும். நீங்கள் எவ்வளவு நல்லவர் என்பது உங்களுக்கே தெரியவரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய வசதி உண்டு: அதில் தண்ணீர் இல்லாமல் சாகிறவர்கள் ஒருவர்கூட மனுவை எடுத்துக்கொண்டு உங்கள் மாடிப்படி ஏறி வரமாட்டார்கள்.