லுட்விக் கம்ப்யூட்டர் பழுதுபார்த்த வாரம்

"மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு லுட்விக். நீயே கேளு."

மிலோய்கா போனைக் கம்ப்யூட்டர் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். மாரிபோர் ஒயின் ஆலையில், பாட்டில்கள் கலகலவென்று ஓடும் பட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த லுட்விக்கின் காதில் ஒன்றும் விழவில்லை. இருந்தாலும், "ம், கேக்குது கேக்குது," என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்கு விவரம் வந்திருந்தது.

"எப்படி இருக்கு?"

"மோசமாத்தான் இருக்கு."

"ஆஃப் பண்ணாலும் விடாம உறுமுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அம்மா கிராட்ஸ்லேருந்து பேசும்போது இப்படி உறுமினா, நான் மாவு மில்லுல உக்காந்திருக்கேன்னு நினைப்பாங்க."

மிலோய்கா பயப்பட்டதில் நியாயம் இருந்தது. அவள் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையைப் போன குளிர்காலத்தில் இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் போட்ட விண்ணப்பங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிராட்ஸில் சமையலறைச் சாமான் செய்யும் ஒரு கம்பெனி. ஸ்லோவேனிய வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்ல ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே வேலை. நேர்காணலும் கம்ப்யூட்டரில்தான். 'அமைதியான அறை அவசியம்' என்று விளம்பரத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"கவலைப்படாதே. சாயங்காலம் வந்து பாத்துடறேன்," என்றான் லுட்விக்.

அவனுக்கு இயந்திரம் என்றால் பயம் கிடையாது. பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரம் முரண்டு பிடித்தால் இடுப்பில் ஒரு தட்டு தட்டுவான், வழிக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் மட்டும் என்ன தனி ஜாதியா? ஆனாலும் முறையாகச் செய்யலாம் என்று மைத்துனன் டிராகோவுக்குப் போன் போட்டான். டிராகோ ஒரு பெரிய கடையில் சலவை இயந்திரம் விற்பவன். கம்ப்யூட்டர் பிரிவும் அதே மாடியில் இருந்ததால் குடும்பத்துக்கே கம்ப்யூட்டர் நிபுணன் அவன்தான்.

"தூசி மாமா, தூசி!" என்றான் டிராகோ, யோசிக்கவே இல்லாமல். "உள்ள காத்தாடி இருக்குல்ல, அது தூசி தின்னு தின்னு மூச்சு வாங்குது. கழட்டிச் சுத்தம் பண்ணு."

"ஆஃப் பண்ணாலும் சத்தம் வருதாம் மச்சான்."

"சூடு ஆறுற வரைக்கும் காத்தாடி ஓடும். எங்க கடை சலவை மிஷினே அப்படித்தான்."

அன்று மாலை லுட்விக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரின் மூக்கை உள்ளே விட்டான். நிஜமாகவே தூசி இருந்தது, ஒரு பூனைக்குட்டி பண்ணலாம் போல. எல்லாவற்றையும் உறிஞ்சித் தள்ளினான். கடைசியில் 'டக்' என்று ஏதோ சின்னதாக ஒன்றும் குழாய்க்குள் போனது.

"என்ன அது?" என்றாள் மிலோய்கா.

"தூசிதான். கொஞ்சம் கெட்டியான தூசி."

மாட்டி முடித்து ஆன் செய்யப் போனபோதுதான், பொத்தானை வெளியே தள்ளும் குட்டி ஸ்பிரிங் அது என்று தெரிந்தது. பரவாயில்லை, பேனா முனையால் குத்தினால் ஆன் ஆனது. முக்கியமான விஷயம், சத்தமே இல்லை. இருவரும் காதை வைத்துக் கேட்டார்கள். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. லுட்விக் தனக்கு ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"உறுமுது."

"நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்தது?"

"அதுக்கு வெயில் ஏறணும் போலிருக்கு. பத்து மணிக்கு மேலதான் சுறுசுறுப்பு வருது. நீதான் ஏதோ கிளறி விட்டுட்ட."

டிராகோ இந்தத் தகவலைக் கேட்டதும் மிகவும் சந்தோஷப்பட்டான். "வெயில் ஏறினா சத்தமா? அப்ப சூடு! நான் போன மாசமே சொல்லலையா, கம்ப்யூட்டர் மேல வெயில் படக்கூடாதுன்னு? அதுக்கு நேர் மேல இருக்கிற ஜன்னல் ஷட்டரை இறக்கி வச்சிருக்கீங்களா இல்லையா?"

"நீ சொன்னதுலேருந்து இறக்கியேதான் இருக்கு. பகல்லயே லைட் போட்டு உக்காந்திருக்கா உங்க அக்கா."

"அப்ப உள்சூடு. காத்தாடிக்கு அடியில ஒரு வெள்ளைப் பசை இருக்கும், அது காஞ்சிருக்கும். புதுசா தடவு. குழாய்ல வரும், பட்டாணி அளவு போதும்."

வெள்ளையாக, குழாயில் வருகிற பசை லுட்விக்கின் குளியலறையில் ஒன்று இருந்தது. டிராகோ எந்தப் பசை என்று சொல்லவில்லை, லுட்விக்கும் கேட்கவில்லை. பட்டாணி அளவு கஞ்சத்தனமாகத் தெரிந்ததால் தாராளமாகவே பிதுக்கினான்.

அன்று மாலையும் வீடு அமைதியாக இருந்தது. அடுத்த நாள் மத்தியானம் உறுமலோடு புதினா வாசமும் சேர்ந்துகொண்டது. போதாக்குறைக்குக் கம்ப்யூட்டர் கால் மணிக்கொரு தரம் தானாக அணைந்து கண் மூடியது.

"பல் தேச்சுட்டுத் தூங்கப் போகுது," என்றாள் மிலோய்கா. அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவனை அவள் கீபோர்டை நீட்டி வரவேற்றாள். "இங்க தொடு."

தொட்டான். எழுத்துகள் பிசுபிசுவென்று விரலோடு ஒட்டின.

"கம்ப்யூட்டர்ல உக்காந்து பாலச்சிங்கா தின்னாதேன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்? ஜாமை ஒழுக விட்டிருக்கே பாரு."

பாலச்சிங்காவை, அதாவது ஜாம் தடவிச் சுருட்டிய மெல்லிய தோசையை, லுட்விக் இந்த வாரம் கண்ணாலும் பார்க்கவில்லை. ஆனால் எத்தனையோ வாரங்கள் அதே இடத்தில் உட்கார்ந்து தின்றிருக்கிறான். அதனால் உறுதியாக மறுக்கவும் முடியவில்லை. "நேத்து துடைச்சேனே," என்று பொதுவாகச் சொல்லிவைத்தான்.

"கீபோர்டைக் கழுவலாம் மாமா," என்றது போனில் டிராகோவின் குரல். "வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு. நல்லா காய வைக்கணும், அது ரொம்ப முக்கியம்."

லுட்விக் அதைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டான். பிறகு மிலோய்காவின் ஹேர் டிரையரால் மிக மிக நன்றாகக் காயவைத்தான். காய்ந்தபோது 'எம்' எழுத்து மட்டும் உருகிக் குழிந்துபோயிருந்தது.

அது அவ்வளவு பெரிய நஷ்டமாக அவனுக்குப் படவில்லை. ஆனால் மிலோய்கா அன்றிரவே கிராட்ஸுக்கு, 'நேர்காணலுக்குத் தயார்' என்று பதில் எழுத வேண்டியிருந்தது. எழுதி அனுப்பிய பிறகுதான் கவனித்தாள், அடியில் 'இலோய்கா' என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அவள் திட்டவில்லை. அதுதான் லுட்விக்கைக் கலக்கியது. திட்டினால் ஒரு வேலை முடிந்தமாதிரி இருக்கும். அவள் போய் நேர்காணலுக்குப் போடப்போகும் சட்டையை இஸ்திரி போட்டாள். போட்ட சட்டையையே மறுபடியும் இஸ்திரி போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானமும் உறுமல் தவறாமல் ஆஜர். அன்று மாலை லுட்விக் டிராகோவிடம் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், நாளைக்கு மத்தியானம் நேர்காணல். கடைசியா ஒண்ணு சொல்லு."

டிராகோ குரலைத் தாழ்த்தினான். "வெளிய எல்லாம் பாத்தாச்சு. இனிமே உள்ளதான். வேண்டாத ஃபைல் நிறைஞ்சு போனா கம்ப்யூட்டர் திணறும். திணறினா உறுமும். வேண்டாததை எல்லாம் அழிச்சிடு."

"எது வேண்டாததுன்னு எப்படித் தெரியும்?"

"உனக்கு அது என்னன்னே தெரியலேன்னா, அது உனக்கு எதுக்கு?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. லுட்விக் உட்கார்ந்தான். குடும்பப் படங்களைத் தொடவில்லை, மிலோய்காவின் கடிதங்களைத் தொடவில்லை. வாயில் நுழையாத பெயர்கள் இருந்த ஒரு பெரிய கிடங்கைக் கண்டுபிடித்தான். அதிலிருந்த ஒரு பெயருக்கும் அவனுக்கும் அறிமுகமில்லை. 'இதை அழிக்காதீர்கள்' என்று கம்ப்யூட்டர் இரண்டொரு தரம் எச்சரித்தது. சோம்பேறி இயந்திரம், சுத்தம் செய்ய விடாது என்று எண்ணிக்கொண்டு 'சரி' மேல் 'சரி'யாகத் தட்டினான்.

திரை கறுத்தது. பேனாவால் குத்தினான், கறுப்பு. இடுப்பில் தட்டினான், கறுப்பு.

மிலோய்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் நின்னுடுச்சு," என்றான் லுட்விக் மெதுவாக.

"நின்னுடுச்சு," என்றாள். வந்து அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். "லுட்விக், அந்த வேலை கிடைக்காட்டிகூட நான் தாங்கிப்பேன். நீ ஒவ்வொரு நாளும் எனக்காக எதையாவது சரி பண்றேன்னு கிளம்பறே பாரு, அதைத்தான் தாங்க முடியல."

அவன் தலை குனிந்துகொண்டான். அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டதால் அது கோபமா பிரியமா என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லுட்விக் லீவு போட்டான். டிராகோ மனசாட்சி உறுத்தியதாலோ என்னவோ, தன் சொந்த லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். புத்தம் புதுசு.

"பூ மாதிரி இருக்கும் அக்கா, சத்தமே வராது. கடைல நானே பாத்து எடுத்தது."

மேஜையில் வைத்துத் திறந்தார்கள். காமிராவில் மிலோய்காவின் முகத்துக்குப் பின்னால் கொடியில் காய்ந்த லுட்விக்கின் உள்ளாடைகள் தெரிந்தன.

"மேஜையைத் திருப்பு," என்றாள் மிலோய்கா. "ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால வரட்டும். ஷட்டரைத் தூக்குங்க, கொஞ்சம் வானம் தெரிஞ்சா மரியாதையா இருக்கும்."

மேஜையைத் திருப்பினார்கள். திருப்பியதில் இணைய வயரின் முனை உடைந்து, கையால் பிடித்தால்தான் தொடர்பு நிற்கும் என்றானது. டிராகோ ஷட்டரின் பட்டையை இழுத்தான். அது பாதி ஏறி, ஜன்னலுக்கு மேலே அது சுருண்டுகொள்ளும் பெட்டிக்குள் எதிலோ முட்டிக்கொண்டு நின்றது.

"இதுவும் ரிப்பேரா?" என்றான் லுட்விக் ஆசையோடு.

"தொடாதே!" என்றார்கள் அக்காவும் தம்பியும்.

மிலோய்கா உட்கார்ந்தாள். லுட்விக் வயரைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கடியில் மல்லாந்து படுத்தான். அப்போதுதான் அது ஆரம்பித்தது. உறுமல். இதுவரை கேட்காத ஆத்திரத்தோடு, அறை முழுக்க.

மூவரும் லேப்டாப்பைப் பார்த்தார்கள்.

டிராகோவின் முகம் வெளுத்தது. "வைரஸ்! உன் கம்ப்யூட்டர்லேருந்து என்னுதுக்குத் தாவிடுச்சு!"

"அதுக்கு உயிரே இல்லையேடா," என்றான் மேஜைக்கடியிலிருந்து லுட்விக். "வயர்கூட இல்லாம எப்படித் தாவும்?"

"வயர் இல்லாமத் தாவறதுக்குப் பேர்தான் மாமா வைஃபை!"

லுட்விக் மேஜைக்கடியிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தான். புது லேப்டாப். புதுக் காத்தாடி. அதே உறுமல். ஒருவேளை சத்தம் தன் கையில் ஒட்டிக்கொண்டு, தொடுகிற சாமானுக்கெல்லாம் பரவுகிறதோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டு, வயரை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டான்.

திரை மணியடித்தது. டிராகோ கதவோரம் ஒதுங்கி நின்று நகத்தைக் கடித்தான்.

"வணக்கம், திருமதி இலோய்கா!" என்றது ஒரு கலகலப்பான குரல். "நான் ஹாஸ்லிங்கர். நல்லா இருக்கீங்களா?"

"வணக்கம் மேடம். மிலோய்கா. அது... 'எம்' கொஞ்சம் சூட்டுல... பரவாயில்ல. இந்தச் சத்தத்துக்கு முதல்லயே மன்னிப்புக் கேட்டுக்கறேன். நாங்க இதைச் சரி பண்ண எல்லாமே செஞ்சு பாத்துட்டோம்."

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல," என்றாள் அந்த அம்மாள் வியப்பாக. "சரி பண்ணவா? ஏன்? சரி, இருக்கட்டும். கேள்விக்கு வரேன். ஒரு வாடிக்கையாளர் எங்க மிக்ஸரைத் தானே கழட்டி ரிப்பேர் பண்ணி, பாழாக்கிட்டு, கம்பெனிதான் தப்புன்னு போன்ல கத்தறார். என்ன பண்ணுவீங்க?"

மிலோய்கா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"திட்ட மாட்டேன் மேடம். என்னென்ன கழட்டினீங்கன்னு அன்பா கேப்பேன். 'கொஞ்சம்தான்'னு சொல்வார். மாட்டி முடிச்சப்புறம் கையில எத்தனை ஸ்க்ரூ மிஞ்சிச்சுன்னு கேப்பேன். அப்பவே குரல் இறங்கிடும். அப்புறம், யார் சொல்லி இதைச் செஞ்சீங்கன்னு கேப்பேன். மச்சான்னு சொல்வார். இனிமே மச்சானுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி எனக்குப் பண்ணுங்கன்னு நம்பர் குடுப்பேன். கடைசியா, உங்க எண்ணம் நல்ல எண்ணம்தான்னு சொல்லி வைப்பேன். ஏன்னா அது நிஜம்."

கதவோரம் டிராகோ இருமினான். மேஜைக்கடியில் லுட்விக் வயரை முழுக் கையாலும் பிடித்துக்கொண்டான்.

கிராட்ஸ் பக்கம் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. சம்பளம், வேலை நேரம், கிறிஸ்துமஸ் விடுமுறை என்று இன்னும் சில கேள்விகள். உறுமல் ஒரு நொடி நிற்கவில்லை. மிலோய்கா அதற்கு மேலாகக் குரலை உயர்த்தி உயர்த்திப் பேசினாள்.

"போதும்," என்றாள் ஹாஸ்லிங்கர் அம்மாள். "இவ்வளவு பொறுமையான ஆளை நான் இதுவரை பாத்ததில்ல. வேலை உங்களுக்குத்தான். திங்கக்கிழமை ஒப்பந்தம் அனுப்பிடறேன்."

"நிஜமாவா மேடம்? இந்தச் சத்தத்தோடவா? விளம்பரத்துல அமைதியான அறைன்னு..."

"அந்தச் சத்தத்துக்கு எதுக்கும்மா மன்னிப்பு? எங்க தோட்டத்துலயும் அதே சத்தம்தான், நானும் வச்சிருக்கேன். ஆனா இப்படி வீட்டோடயே, உங்க தலைக்கு நேர் மேல, ஜன்னல் ஷட்டர் பெட்டிக்குள்ளயே தேனீ வளர்க்கிறவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்!"